துச்சிலின் சொந்தக்காரர்

திருக்குறளில் நிலையாமை அதிகாரத்தின் கடைசிக் குறள், 340-ஆவது, உயிரை ஒரு குடித்தனக்காரராகப் பார்க்கிறது. உடம்பு அதற்குத் துச்சில், அதாவது ஒண்டியிருக்கும் இடம். புகுந்தபின் வெளியேற வேண்டாத சொந்த இல்லம், புக்கில், அந்த உயிருக்கு இன்னும் அமையவில்லையோ என்று வள்ளுவர் கேட்கிறார். பரிமேலழகர் இந்த உவமையை இன்னும் ஓர் அடி முன்னே கொண்டுபோகிறார். அவர் உரைப்படி உடம்பு வாதம் முதலிய நோய்களின் வீடு. அவை அடங்கியிருக்கும் நாளில் உயிர் அங்கே இருக்கும். அவை வெகுண்ட நாளில் கிளம்பிவிடும். வாடகை வீட்டில் வாழும் எவருக்கும் இந்த உரைக்கு மேலும் ஓர் உரை தேவைப்படாது. வீட்டுக்காரர் முகம் மலர்ந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நாளைக் கழிப்பது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று பரிமேலழகருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் இந்த உவமை முழுக்கக் குடியிருப்பவரின் பக்கம் நின்று சொல்லப்பட்டது. துச்சிலைக் கொடுத்தவரைப் பற்றி அது பேசவில்லை. இன்னொரு உயிர் தங்குவதற்கு நான்கு சுவர்களைக் கொடுத்து அதற்கு மாதாமாதம் பணமும் வாங்குகிறவர்மேல் அறம் என்ன கடமையை வைக்கிறது? பணம் கைமாறியதும் கணக்குத் தீர்ந்துவிடுகிறதா? தீர்வதில்லை என்பதே என் கருத்து. வாடகைக்கு விட்ட நாள்முதல் கட்டடம் அதன் உரிமையாளருடையது. வீடு அதில் குடியிருப்பவருடையது. ஆகவே அந்த வீட்டைச் செப்பமாக்கித் தருவதும் கெடாமல் காப்பதும் வீட்டுக்காரர் பட்ட கடன். அதைத் தயவு என்று அவரும் நினைக்கக் கூடாது, குடியிருப்பவரும் நினைக்க வேண்டியதில்லை.

இதற்கு முதல் மறுப்பு அந்தக் குறளிலிருந்தே வரலாம். எல்லாமே நிலையாதது, உடம்பே ஒண்டுக் குடித்தனம் என்றால், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதில் என்ன ஆன்மிகம் இருக்கிறது? துறவின் பார்வையில் இது நியாயமான கேள்விதான். ஆனால் நம் மரபிலேயே இதற்கு ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார்; அதுவும் இரவல் வீட்டில் வாழ்ந்தவர். பெரியபுராணம் சொல்லும் திருமூலர் வரலாற்றில், கயிலையிலிருந்து வந்த சிவயோகி ஒருவர் சாத்தனூரில் மூலன் என்ற இடையர் இறந்து கிடக்க, அவர் மேய்த்த பசுக்கள் சுற்றி நின்று கதறுவதைக் காண்கிறார். தம் உடம்பை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு மூலனின் உடம்பில் புகுந்து, பசுக்களை மாலையில் ஊர் சேர்க்கிறார். திரும்பி வந்து தேடினால் அவருடைய சொந்த உடம்பைக் காணவில்லை. அதன்பின் அந்த இடையரின் உடம்பிலேயே தங்கி, திருவாவடுதுறையில் அமர்ந்து திருமந்திரம் பாடினார் என்பது வரலாறு. உடம்பை இழிவென்று முன்பு எண்ணியிருந்ததையும், உள்ளே பரம்பொருள் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதையும் அந்த நூலில் அவரே சொல்கிறார். இதில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு நுட்பம். உடம்புக்கு மதிப்பு அதன் எலும்பாலும் தோலாலும் வரவில்லை. உள்ளே இருப்பவரால் வந்தது. அப்படியானால் செங்கல்லும் சிமெண்டும் நிலையாதவை என்பது அவற்றைக் கவனியாமல் விடுவதற்குக் காரணம் ஆகாது. நிலையாத அந்தச் சுவர்களுக்குள் ஓர் உயிர் இருக்கிறது என்பதே அவற்றைப் பேணப் போதுமான காரணம்.

குடியிருப்பவரால்தான் வீடு வீடாகிறது என்பதைத் தத்துவம் படிக்காத மக்களும் சடங்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் நல்ல நாள் பார்த்து முதலில் சாமி படம், விளக்கு, உப்பு, மஞ்சள், நிறைகுடம் இவற்றைக் கொண்டுபோய் வைப்பார்கள். பிறகு அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சுவார்கள். பால் பொங்கி, பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி, அடுப்பில் வழிந்து, சுர்ரென்று தீய்ந்த வாசம் எழும்வரை யாரும் தீயைக் குறைக்க மாட்டார்கள். அந்தப் பாலில் முதல் தம்ளர் பெரும்பாலும் வீட்டுக்கார அம்மாவுக்குப் போகும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வீட்டுக்காரர் அந்த வீட்டைக் கட்டியபோதே கணபதி ஹோமம் செய்து, பசுவைக் கன்றோடு உள்ளே நடத்தி, கிரகப்பிரவேசம் செய்திருக்கிறார். அது என்றைக்கும் போதுமானதாக இருந்தால், ஒவ்வொரு குடித்தனமும் புதிதாகப் பால் காய்ச்ச வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் காய்ச்சுகிறார்கள், வீட்டுக்காரரும் அதை எதிர்பார்க்கிறார், காய்ச்சாமல் குடியேறினால் அவரே முகம் சுளிப்பார். அந்த அடுப்பில் பால் பொங்கும்போது வீடு இன்னொருவருடைய இல்லறத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதை இருவருமே ஒப்புக்கொள்கிறார்கள்.

இது நம்மிடம் மட்டும் உள்ள எண்ணம் அன்று. யூதர்கள் தங்கள் வீட்டு நிலைக்காலில் மறைமொழி எழுதிய தோல்சுருள் ஒன்றைப் பதிப்பார்கள். மெசூசா என்று பெயர். வாடகை வீட்டில் அதைப் பதிக்கும் கடமை யாருக்கு என்ற கேள்வி தல்மூது என்னும் அவர்களுடைய சமயச் சட்ட விவாத நூலில் வருகிறது. வீட்டை உடையவருக்கு அன்று, அதில் வசிப்பவருக்கே என்பது அங்கே தரப்படும் விடை. இதே விவாதத்துக்கு அடிப்படையான மிஷ்னா என்னும் தொகுப்பு, கி.பி. 200 வாக்கில் உருவானது, வீட்டுக்காரரின் கடனையும் வரையறுக்கிறது. கதவு, தாழ்ப்பாள், பூட்டு, இவைபோலத் தொழில் தெரிந்தவர் கைப்பட வேண்டிய எல்லாவற்றையும் வீட்டுக்காரர் செய்து தர வேண்டும். மற்றவர் தாமே செய்துகொள்ளக் கூடியதைக் குடியிருப்பவர் செய்ய வேண்டும். மழைக்காலத்தில் குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது என்றும் அது விதிக்கிறது. குடியிருப்பவரை அந்த வீட்டின் சமயப் பொறுப்புக்கு உரியவராக ஏற்ற ஒரு மரபு, தாழ்ப்பாளையும் மழையையும் பற்றிக் கவலைப்பட்டதில் வியப்பு எதுவும் இல்லை. முதலாவதை ஏற்றால் இரண்டாவது தானே வந்து நிற்கும்.

நம் ஊரில் வாடகை வீட்டைத் தயார் செய்வது என்றால் பெரும்பாலும் பெயின்ட் அடிப்பது என்றே பொருள். பழைய குடித்தனம் காலி செய்ததும் ஒரு கோட்டிங் அடித்து, வாசலில் டு-லெட் பலகை மாட்டிவிடுகிறோம். மொட்டைமாடித் தட்டோடு விரிந்து, கூரையில் நீர் இறங்கி, படுக்கையறை மூலையில் ஓதம் ஏறியிருக்கும். அந்தச் சுவரைக் கையால் தடவினால் உப்புப் பூத்த வெள்ளைப் பொடி விரலில் ஒட்டும். அதன்மேல் பட்டி பார்த்து வெளிர்மஞ்சள் அடித்தால் கோடையில் யாருக்கும் தெரியாது. ஐப்பசி மழையில் பெயின்ட் கொப்பளித்து, அப்பளம்போல உப்பி, உதிரும். அதற்குள் புதியவர்கள் அங்கே பால் காய்ச்சி, பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்து, பத்து மாத அட்வான்ஸையும் கொடுத்து முடித்திருப்பார்கள். இதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், 108-ஆவது பிரிவில், இதை வேறு கண்ணால் பார்க்கிறது. தனக்குத் தெரிந்து, வருகிறவர் சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை உரிமையாளர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்கிறது. ஓதத்தின் மேல் அடித்த பெயின்ட், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மூடிய பெயின்ட். வாய்மை என்ற அறத்தை நாம் நாவோடு மட்டும் சேர்த்துப் பேசிப் பழகிவிட்டோம். ஒரு சுவரும் பொய் சொல்லும்.

கோயிலுக்கு என்றால் நாம் இப்படிச் செய்வதில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்த வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். பழுதான கோயிலைப் புதுப்பிக்கும் ஜீரணோத்தாரணம் புதுக்கோயில் கட்டுவதைவிடப் புண்ணியம் மிகுந்தது என்றும் போற்றுகிறோம். கருவறையில் வேலை தொடங்குமுன் பாலாலயம் அமைத்து, தெய்வத்தின் சக்தியை அதில் எழுந்தருளச் செய்து, பூசை ஒருவேளையும் தடைபடாமல் பார்த்துக்கொள்கிறோம். உள்ளே இருப்பவருக்கு ஓர் ஒழுங்கான மாற்றிடம் தராமல் அவர் தலைக்கு மேலே சுத்தியல் ஓங்கக் கூடாது என்பதே இதன் பொருள். திருநாவுக்கரசர் கையில் இருந்தது உழவாரம் என்னும் எளிய கருவி. தமக்குச் சொந்தமில்லாத பிராகாரங்களில் முளைத்த புல்லைச் செதுக்குவதே அவருக்கு வழிபாடாக இருந்தது. பராமரிப்பு வழிபாடாக முடியும் என்பதை இந்த நாட்டில் யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மனிதர் குடியிருக்கும் இடம் என்று வரும்போது மட்டும், ‘காலி பண்ணுங்க, பிறகு ரிப்பேர் பார்க்கலாம்’ என்கிறோம். குடியிருப்பவர் உள்ளே இருக்கும்வரை ஒழுகும் குழாய்க்குப் பொறுப்பாளர் யார் என்ற தகராறு நடக்கிறது. அவர் போனபின் அடுத்தவரிடம் கூடுதல் வாடகை கேட்பதற்காக அதே குழாய் ஒரே நாளில் மாறிவிடுகிறது.

‘இது கோயில் அல்ல, ஒப்பந்தம், பிடித்தால் இருக்கட்டும், பிடிக்காவிட்டால் போகட்டும்’ என்பார்கள். ஒப்பந்தம் என்பதை நான் மறுக்கவில்லை. ஒப்பந்தத்தில் விற்கப்பட்ட பொருள் எது என்றுதான் கேட்கிறேன். மாத வாடகை கொடுப்பவர் செங்கல்லை வாங்கவில்லை. அந்த மாதம் முழுவதும் நனையாமல் தூங்குவதையும், கதவைத் தாழிட்டுக் குளிப்பதையும், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதையும் வாங்குகிறார். இவற்றில் ஒன்று குறைந்தால் எடை குறைத்து விற்ற கடைக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் வேறுபாடு கிடையாது. ‘போகட்டும்’ என்ற சொல்லும் பார்வைக்குச் சமமானதாகத் தோன்றினாலும் இரு பக்கத்துக்கும் ஒன்றாக விழுவதில்லை. வீட்டுக்காரருக்கு அது ஒரு மாத வாடகை நட்டம். போகிறவருக்கு அது பள்ளி, ரேஷன் கடை, ஆதார் முகவரி, வேலைக்குப் போகும் பஸ், அவசரத்துக்குக் குழந்தையை விட்டுவிட்டுப் போகப் பழகிய பக்கத்து வீடு எல்லாம். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அது தன் அட்டவணையில் யார் எதைப் பழுது பார்ப்பது என்று பிரித்தே எழுதியிருக்கிறது. கட்டமைப்புப் பழுது, வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வர்ணம், குழாய்களை மாற்றுதல், மின்கம்பி வேலை ஆகியவை உரிமையாளர் பக்கம். குழாய்த் திருகு, வாஷர், சுவிட்சு, கைப்பிடி போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பக்கம். ஏறக்குறைய மிஷ்னா வைத்த அதே பிரிவினைதான்; இடையில் பதினெட்டு நூற்றாண்டுகள். அப்படியிருந்தும் காலி செய்யும்போது பெயின்ட் செலவென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது நம் நகரங்களில் எழுதாத விதியாக நடக்கிறது. வாழ்ந்ததால் மங்கிய சுவருக்கு அபராதம் வாங்குவது, வாழ்ந்ததற்கே அபராதம் வாங்குவதுதான்.

இன்னொரு மறுப்பு கனமானது. அதை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. வீட்டுக்காரர் எல்லாரும் பணக்காரர் அல்லர். ஓய்வுபெற்றபின் கிடைத்த பணத்தைப் போட்டு மாடியில் ஒரு போர்ஷன் எடுத்து, அந்த வாடகையில் மருந்து வாங்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்த குடித்தனக்காரர்களில் சிலர் மூன்று மாத வாடகை பாக்கி வைத்து, கழிப்பறையை அடைத்து, மரச்சட்டத்தை உடைத்து, காலி செய்யவும் மறுத்து, வழக்கென்று இழுத்தடித்தவர்கள். இந்த அனுபவங்கள் ஊருக்குள் பரவிப் பரவித்தான் 11 மாத ஒப்பந்தம் வழக்கமாகியிருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் பிறந்த அந்த 11 மாதம், இன்று நம்பிக்கையின்மையின் அளவாகவே ஆகிவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள் காலியாகக் கிடந்தன. அவை பூட்டிக் கிடந்ததற்குக் காரணங்கள் பல. யாரையும் நம்பி விட முடியாது என்ற பயமும் அவற்றில் ஒன்று. இந்தப் பயத்துக்கு என் பதில், கடன் ஒரு பக்கத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதுதான். வீடு குடியிருப்பவருடையது என்று சொன்னால் அதன் காவலும் அவர் தலையில் ஏறுகிறது. ‘வாடகை வீடுதானே’ என்று ஆணியடித்துச் சுவரைப் பெயர்ப்பவர், திருமூலர் புகுந்த உடம்பை அவர் எப்படிப் பேணினார் என்பதைத் தாமும் நினைக்க வேண்டியவர். பழுதை உடனே சொல்லாமல் பெரிதாக விடுவதும், குத்தகை முடிந்தபின் நகர மறுப்பதும் திருட்டுக்கு அருகில் நிற்பவை. ஆனால் ஒரு குடித்தனக்காரர் செய்த பிழைக்கு அடுத்தவரின் கூரையை ஒழுகவிடுவது நீதி ஆகாது. சந்தேகம் இருந்தால் தீர விசாரித்து விடலாம், விடாமலும் இருக்கலாம். விட்டபின் பாதி வீட்டைக் கொடுக்க முடியாது.

மிகவும் கசப்பானது சமயத்தின் பேரிலேயே எழுப்பப்படும் மறுப்பு. நோய் முற்றிய முதியவர் இருந்தால் வீடு தரத் தயங்குகிறார்கள். ‘இங்கே சாவு மட்டும் விழக் கூடாது’ என்று ஜாடையாகவோ நேராகவோ சொல்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உடலை வீட்டுக்குக் கொண்டுவர முடியாமல் நேரே மயானத்துக்கு எடுத்துப்போகும் குடும்பங்கள் இருக்கின்றன. தீட்டு என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. மரபை மதித்தே இதைப் பார்ப்போம். நம் வழக்கில் சாவுத்தீட்டு உறவைப் பிடித்து வருவது. பங்காளிக்கு இத்தனை நாள், மற்ற உறவுக்கு இத்தனை நாள் என்று கணக்கு இருக்கிறது. செங்கல்லுக்கு உடையவர் யார் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை அன்று. இடத்துக்கு வேண்டியது கழுவுதலும் புண்ணியாகவாசனமும். அவிட்டம் முதல் ரேவதி வரையான ஐந்து நட்சத்திரங்களில் இறப்பு நேர்ந்தால், தனிஷ்டா பஞ்சமி என்று மாதக்கணக்கில் வீட்டை அடைக்கும் நம்பிக்கை உண்டு. அதை உண்மையாகவே அஞ்சுகிறவர்களை நான் பழிக்க மாட்டேன். ஆனால் அந்தச் சாத்திரமே சாந்தியும் பரிகாரமும் சொல்கிறது. அந்தச் செலவையும் அலைச்சலையும் வீட்டுக்காரர் ஏற்பதா, சாகப்போகும் ஒருவர் தம் கட்டிலைவிட்டு எழுந்து போவதா என்று தராசில் வைத்துப் பார்த்தால் முள் எந்தப் பக்கம் சாயும் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. காசியில் சாவதற்கென்றே வந்து தங்குபவர்களுக்கு அறை கொடுக்கும் முக்தி பவன்கள் இருக்கின்றன. அங்கே சாவு நிகழ்வதால் அந்த அறைக்குப் பெருமை. முக்திக்குத் தமிழில் வீடு என்று பெயர். விடு என்பதிலிருந்து வந்த சொல். அறம், பொருள், இன்பத்துக்குப் பிறகு நாலாவதாக அந்த வீட்டை வேண்டி நிற்கும் ஒருவர், தன் மாடிப் போர்ஷனில் ஓர் உயிர் அமைதியாக விடைபெறுவதற்கு இடம் இல்லை என்று சொல்வது எந்தச் சமயத்திலும் அடங்காது.

யாருக்கு விடுவது என்ற கேள்வியும் இதன் தொடர்ச்சிதான். ‘சைவம் மட்டும்’ என்ற பலகையும், பெயரைக் கேட்டதும் ‘வேறொருவருக்குச் சொல்லிவிட்டோம்’ என்ற பதிலும் சட்டத்துக்குப் பெரும்பாலும் எட்டாதவை. அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கடை, உணவகம், ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று எண்ணிச் சொல்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. ஓர் இரவு தங்கும் ஓட்டலில் மதமும் சாதியும் கேட்கக் கூடாது. மூன்றாண்டு வாழும் வீட்டுக்குக் கேட்கலாம் என்று ஆகிவிட்டது. கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்று தன் சமூகத்தாருக்கு மட்டும் இடம் தரும் விதியை உச்ச நீதிமன்றம் 2005-இல் ஏற்றுக்கொண்டது. சட்டம் விட்டுவைத்த இந்த இடத்தில்தான் அறம் வேலை செய்ய வேண்டும். தன் சமையலறையில் தன் நோன்பைக் காப்பது ஒருவருடைய உரிமை. வாடகை வாங்கியபின் அந்த அடுப்பு அவருடைய சமையலறை அல்ல.

வீட்டுக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டு-லெட் பலகை மாட்டுவதற்கு முன், முடிந்தால் மழை பெய்யும் ஒரு நாளில், காலியான அந்த வீட்டில் ஓர் இரவு பாய் போட்டுப் படுங்கள். குளியலறைத் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து போட்டுப் பாருங்கள். கூரை மூலையில் கையை வையுங்கள். காலையில் நீங்கள் சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்யுங்கள். முடியாததை, அட்வான்ஸைக் கையில் வாங்குவதற்கு முன், வருகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.